வண்டி கிளம்பிடுச்சு

அவன் செய்யும் வேலை இன்னதென்று மாமனாருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. "மாப்பிள்ளை சர்வர் பாக்குறார்" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவைக்க, கேட்டவர்கள் எந்த ஓட்டலில் என்று விசாரித்தார்கள். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கையில் பிடித்துத் திருப்ப ஒரு சாமான் இல்லாத வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. இந்தக் கதை எப்படியோ அலுவலகத்துக்கும் எட்டி, அங்கேயும் அவனுக்கு சர்வர் என்றே பெயர் விழுந்துவிட்டது. "சர்வர், ரெண்டு காபி" என்று கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். பிறகு கேலி தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியது.

அலுவலகம் என்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. முன்பக்கம் பெரிய ஹால். அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அழைப்பு எடுப்பவர்கள். யாருக்கு என்ன ஆனது, எந்த இடம் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துவார்கள். ஹாலின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வண்டி அனுப்புகிறவர்கள். அழுத்திய மறுகணம் விவரம் அவர்கள் திரையில் வந்து நிற்கும். பக்கத்தில் எந்த வண்டி சும்மா இருக்கிறதோ, அந்த டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஜாவா சர்வர். நடைபாதையின் முடிவில், ஸ்வெட்டர் போட்டால்தான் உட்கார முடிகிற ஒரு சின்ன அறையில் அது இருந்தது. அதைக் கட்டி மேய்ப்பது அவன் பொறுப்பு.

ஹாலில் எல்லோருக்கும் மூத்தவள் ஒருத்தி. அவளை மேனேஜர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் குரலில் குழைவு ஒன்றும் கிடையாது. காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகப் பேசுவாள். ஆனால் எதிர்முனையில் எவ்வளவு பெரிய அழுகையாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டதும் அடங்கிவிடும். "அழுதுட்டே சொல்லுங்க, பரவாயில்லை. ஆனா தெருப் பேரை மட்டும் அழாம சொல்லுங்க" என்பாள். சொல்லிவிடுவார்கள்.

அங்கே அந்த நாட்களில் இருந்த பெரிய தொல்லை, சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருந்ததுதான். புதிதாக ஒரு ஆஸ்பத்திரியைச் சேர்க்க வேண்டும், ஒரு தெருப் பெயரைத் திருத்த வேண்டும் என்றாலும், புரோகிராமர்கள் மென்பொருளை மாற்றி ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். அவன் சர்வரை நிறுத்தி, பழைய கட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மறுபடி கிளப்புவான். அந்தச் சில நிமிஷமும் ஹாலில் எல்லாத் திரையும் வெள்ளையாகிவிடும். உடனே எல்லோரும் துண்டுச் சீட்டை எடுப்பார்கள். ஒருவர் சீட்டுகளை வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு ஓடுவார். அந்த நேரத்துக்கு ஹால் சந்தைக்கடை மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு நாள் பட்டப்பகலில், அவசரத் திருத்தம் என்று மேனேஜர் சொன்னதன் பேரில் அவன் நிறுத்தியபோது, ஒரு சீட்டு கீபோர்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. நெஞ்சுவலி என்று கூப்பிட்ட ஒரு தலைமையாசிரியரின் சீட்டு. வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை. செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. மேனேஜர் அவனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினார். திருத்தம் கேட்டது தான்தான் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கடைசியில் ஒரு உத்தரவும் வந்தது: இனிமேல் சர்வர் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. எப்படிச் செய்வாயோ தெரியாது.

அவனுக்கு அந்த உத்தரவில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால், அவன் மனசுக்குள் நினைத்திருந்ததும் அதுதான். தலைமையாசிரியரின் மகள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கும்படி ஆகக் கூடாது என்று வைராக்கியமாகவே இறங்கினான்.

வழி இருந்தது. சர்வரே ஒரு ஃபோல்டர்மேல் கண் வைத்திருக்கும்படி அமைக்கலாம். புதிய கட்டு அதில் வந்து விழுந்ததும் தானே அவிழ்த்து ஓட்டத் தொடங்கும். ஆனால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எடுத்தால் வேலையில் இருப்பவர்கள் நடுவில் அறுந்துபோவார்கள். அதனால் கட்டின் பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்து வைக்கிற முறையை எடுத்துக்கொண்டான். இரண்டும் அக்கம்பக்கமாக ஓடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பழையதிலேயே இருப்பார்கள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் புதியதற்குப் போவார்கள். ஷிப்ட் மாறிக் கடைசி ஆளும் வெளியேறியதும் பழையது தானாகக் கழன்றுகொள்ளும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அதில் வாரக்கணக்கில் போட்டுப் போட்டுப் பார்த்தான். திருப்தியான பிறகுதான் நிஜ சர்வரில் கை வைத்தான்.

முதல் தடவை செய்த அன்று காலையில் அக்கா சீட்டுக் கட்டை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகு நேரம் ஆகியும் திரை வெள்ளையாகாததால் எழுந்து அவன் அறைக்கே வந்தாள்.

"எப்போ பண்ணப் போறீங்க, தம்பி?"

"பண்ணி முடிச்சாச்சுக்கா."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு, சீட்டுக் கட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். காதும் காதும் வைத்த மாதிரி அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் முகத்தைப் பார்த்தே மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலின் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டச் சொன்னார். சர்வர் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்ற எண்ணை அதில் போடச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைக் காட்டினார். கைக்குழந்தையின் எடையைச் சொல்கிற பூரிப்பு அவர் முகத்தில் இருக்கும்.

நிறுத்தாமல் வைக்க முடியும் என்று ஆனதும் வேறொன்று தொடங்கியது. வெளியே ஒரு கம்பெனியில் இருந்த புரோகிராமர்கள் முன்பெல்லாம் யோசித்து யோசித்து, மாதத்துக்கு ஒரு கட்டு அனுப்புவார்கள். இப்போது நினைத்தபோதெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினோம், பொத்தானை இடப்பக்கம் நகர்த்தினோம், திரையை வேகமாக்கினோம் என்று நாளுக்கு ஒன்று வரும். சில நாள் இரண்டு மூன்றும் வரும். அவனும் வாங்கி வாங்கி வைத்தான். எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க அவனுக்கு நேரமும் இல்லை, அது அவன் வேலையும் இல்லை.

சர்வரின் நினைவகம் ஏறிக்கொண்டே போவதை அவன் கவனித்தது அதன் பிறகுதான். ஒவ்வொரு புதிய கட்டு வைக்கும்போதும் ஒரு படி ஏறும். பழையது கழன்ற பிறகு இறங்க வேண்டியது இறங்கவில்லை. தோண்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, மென்பொருள் தனக்கென்று ஒரு சின்ன ஓட்டத்தைப் பின்னணியில் தொடங்கி வைத்திருந்தது. கழன்று போகும்போது அதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நிறுத்தவில்லை. குடியிருந்தவன் காலி செய்துகொண்டு போகும்போது ஒரே ஒரு பெட்டியைப் பூட்டிய அறைக்குள் விட்டுப் போனால், அந்த அறையை இன்னொருவருக்கு விட முடியாது. அப்படிப் பூட்டிய அறைகளாகவே சர்வர் நிறைந்துகொண்டு வந்தது. முன்பு அடிக்கடி நிறுத்திக் கிளப்பியதில் இது தானாகவே துடைத்துப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்துவதை நிறுத்திய பிறகு துடைக்க ஆளில்லை.

புரோகிராமர்களிடம் சொன்னான். பார்க்கிறோம், அடுத்த பெரிய மாற்றத்தில் சரிசெய்கிறோம் என்றார்கள். அதுவரைக்கும் இருக்கிற ஒரே மருந்து, ஆள் நடமாட்டம் குறைந்த வேளையாகப் பார்த்து, எல்லோருக்கும் சொல்லிவைத்து, ஒரு தடவை நிறுத்திக் கிளப்புவதுதான். இதை மேனேஜரின் அறையில் போய்ச் சொன்னான். அவர் சுவர்த்திரையின் எண்ணைத்தான் முதலில் நினைத்தார். மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வரப்போகிறது, அவர்கள் வருகிற நேரத்தில் அந்த எண் பூஜ்யத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார். குழு வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அவரைக் கேட்காமலே பண்ணிடுங்க. என்ன ஆகிடும்?"

"அந்தக் கொஞ்ச நேரத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"பண்ணலைன்னா?"

"பண்ணலைன்னா ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

சொல்லும்போதே அந்தப் பதில் அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தி ஒருவர் செத்தால் கை வைத்தவன் அவன். தானாக நின்று ஒருவர் செத்தால் அது இயந்திரத்தின் கோளாறு. தலைமையாசிரியர் விஷயத்தில் சூடுபட்டவன், இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒளிந்துகொண்டான். மனைவி விளக்கை அணைத்தாள்.

அடுத்த வாரம் நினைவகம் இன்னும் ஏறியது. இரண்டாவது தடவையாகக் கேட்டான். இந்தத் தடவை ஹாலிலேயே, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேனேஜர் சுவர்த்திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டான். இப்படியே விட்டால் ஒரு நாள் மூச்சு முட்டி நின்றுவிடும் என்று தெளிவாகவே சொன்னான். குழு வருவதற்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, வாயில் நல்ல வார்த்தை வராதா என்றார் மேனேஜர். அக்கா தலையைத் திருப்பி இருவரையும் பார்த்தாள். அதற்குள் அவளுக்கு அழைப்பு வர, திரும்பிக்கொண்டாள்.

குழு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹாலில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய அதிகாரிகள் சுவர்த்திரைக்கு முன்னால் நின்றார்கள். மேனேஜர் விளக்கிக்கொண்டிருந்தார். அவனையும் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார், கேள்வி கேட்டால் பதில் சொல்ல. அந்த நேரத்தில்தான் சர்வர் மூச்சு முட்டியது.

திரைகள் வெள்ளையாகியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சீட்டு வெளியே வந்திருக்கும், ஓட்டம் தொடங்கியிருக்கும். ஆனால் சர்வர் செத்துவிழவில்லை. காலியாகாத அறைகளைத் திரும்பத் திரும்பப் பெருக்கப் பார்த்துக்கொண்டு, வேறு எதையும் காதில் வாங்காமல் கிடந்தது. வண்டி அனுப்புகிறவர்களின் திரைகள் கடைசியாகக் காட்டியதைக் காட்டிக்கொண்டே நின்றன. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. திரையை வேகமாக்கினோம் என்று புரோகிராமர்கள் அனுப்பிய கட்டில், 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதுமே, சர்வர் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல், பச்சை நிறத்தில் ஒரு டிக் விழும்படி மாற்றியிருந்தார்கள். அந்தக் கட்டை வாங்கி வைத்தவன் அவன்தான். அப்படி ஒரு மாற்றம் அதில் இருந்தது பிறகுதான் அவனுக்கே தெரியும்.

அக்காவுக்கு அப்போது வந்த அழைப்பு ஒரு லேத் பட்டறையிலிருந்து. கூப்பிட்டவர் அண்ணன். தம்பியின் தொடையை இரும்புத் தகடு கிழித்துவிட்டது, ரத்தம் நிற்காமல் கொட்டுகிறது என்றார். அக்கா இடத்தைக் கேட்டு அடித்தாள். காயத்துக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். பச்சை டிக் விழுந்தது.

பக்கத்துக் கடைக்காரர் தன் சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், அதிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடட்டுமா என்று அண்ணன் கேட்டார்.

"வேண்டாம், அவரை அசைக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. வந்துடுவாங்க" என்றாள் அக்கா.

அந்த அறையில் வருஷக்கணக்காக அவள் சொல்லி வந்த வாக்கியம் அது. அதைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை அவள் நிதானத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அண்ணன் நம்பினார். நன்றி என்று சொல்லி வைத்தார்.

அடுத்த அழைப்பு. அதற்கடுத்தது. பொத்தான், டிக். குழுவில் ஒருவர் மேனேஜரிடம் ஏதோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்போது கண்ணாடித் தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு, வண்டி அனுப்புகிறவர்களில் ஒருவர் சோம்பல் முறித்தபடி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னைக்கு ஊர்ல யாருக்குமே ஒண்ணும் ஆகலையா? ரொம்ப நேரமா ஒண்ணுமே வரலையே?"

அக்கா அவரைப் பார்த்தாள். தன் திரையில் வரிசையாக நின்ற பச்சை டிக்குகளைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே போட்டாள். அவள் எழுந்து நின்ற விதத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் நடைபாதையில் ஓடினான். சர்வர் அவன் கட்டளைக்கும் பதில் சொல்லவில்லை. முறையாக நிறுத்துகிற நிலையை அது தாண்டியிருந்தது. வலுக்கட்டாயமாக அடித்து நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினான். அது எழுந்து வரும்வரை சில்லிட்ட அந்த அறையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஹாலில் திரைகள் வெள்ளையான பிறகுதான் எல்லோருக்கும் கை ஓடியது. அக்கா அலமாரியைத் திறந்து சீட்டுக் கட்டை எடுத்து, நினைவிலிருந்தே எழுதினாள். கண்ணாடித் தடுப்புக்கு அவளே ஓடினாள். லேத் பட்டறைக்குத்தான் முதல் வண்டி போனது. திரும்பி வந்து உட்கார்ந்தவுடன் அண்ணனின் இரண்டாவது அழைப்பு அவளுக்கே வந்தது. இன்னும் வரவில்லையே, கிளம்பியது என்றீர்களே என்றார். இப்போதுதான் கிளம்பியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு நாடி இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. அந்த இடைவெளியில் கூப்பிட்டிருந்த மற்றவர்கள் எல்லோரும் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள்.

விசாரணை நடந்தது. மேலிடத்துக் குழுவே நேரில் பார்த்த விபத்து என்பதால் வேகமாக நடந்தது. இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்றார் மேனேஜர். அதைச் சொல்லும்போது அவர் சர்வரின் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். குரலில் தடுமாற்றம் இல்லை. இரண்டு தடவை சொன்னேன் என்றான் சர்வர். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"சொன்னார். என் நாற்காலிக்குப் பின்னால நின்னுதான் சொன்னார்" என்றாள் அக்கா. மேனேஜர் குனிந்து தன் பேனாவை மூடினார். விசாரித்தவர் அவளைப் போகச் சொன்னார். அவள் போகவில்லை.

"நானும் காதுல வாங்கினேன், சார். வாங்கிட்டு அடுத்த போனை எடுத்துட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

அதை அவர்கள் எழுதவில்லை. எழுதியது வேறு. தொழில்நுட்பக் கோளாறு, சர்வர் பொறுப்பில் இருந்தவரின் கவனக்குறைவு, மேற்பார்வையை வலுப்படுத்த வேண்டும். மேனேஜரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அது இறக்கமா ஏற்றமா என்று ஹாலில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். ஏற்றம்தான் என்பது அவருக்குத் தனி அறையும் உதவியாளரும் கிடைத்த பிறகு தெரிந்தது. சர்வரை மாதக் கடைசியோடு போகச் சொன்னார்கள்.

போவதற்கு முன்னால் இருந்த நாட்களில் அவன் இரண்டு காரியங்களை யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்துவிட்டான். அந்தத் துணிச்சலுக்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பச்சை டிக்கைப் பழையபடி ஆக்க வைத்தான். அதற்காகப் புரோகிராமர்களின் கம்பெனிக்கே போய், செய்து முடிக்கிறவரை அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, காலையில் ஷிப்ட் மாறும்போது, இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஹாலில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் தயாராக நிற்க, சர்வரை நிறுத்திக் கிளப்புகிற வழக்கத்தைக் கொண்டுவந்தான். சுவர்த்திரையைக் கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு நாள் அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அக்கா போனில் உட்கார மறுத்துவிட்டாள். கொஞ்ச நாள் சாமான் கிடங்கில் போட்டார்கள். கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அங்கேயும் வராமல் நின்றுவிட்டாள்.

சர்வரின் கடைசி நாளில், சாயங்காலம் அவன் வெளியே வரும்போது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலைமுடியில் இரும்புத் தூள் படிந்திருந்தது. காவலாளி கையைக் காட்ட, அவர் இவனிடம் வந்தார். லேத் பட்டறை அண்ணன் என்று சொல்லிக்கொண்டார். ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும், எத்தனையோ தடவை வந்தும் யாரும் நேராகச் சொல்லவில்லை என்றார்.

"அன்னைக்கு அந்த அம்மா வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னாங்க. கிளம்புச்சா, இல்லையா?"

வாசலில் நின்று யாரிடமும் எதையும் பேசக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். சர்வர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

"கிளம்பலை" என்றான். "ஆனா கிளம்பிடுச்சுன்னு நினைச்சுத்தான் அவங்க சொன்னாங்க. அப்படி நினைக்க வச்சது நாங்க."

அண்ணன் காவலாளியின் அறையை ஒட்டிய சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார்.  அந்த அம்மாவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சர்வர் அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தான். யார் வந்திருக்கிறார் என்று சொன்னான். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

அக்காவின் வீடு மாடியில் இருந்தது. படியேறும்போது அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நின்றார். கோபமாகப் பேச வேண்டியதை உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கிறவர் போல அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அக்கா கதவைத் திறந்தாள்.

"உள்ளே வாங்க" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையில் அவர் உடைந்துபோனார். முகத்தைப் பார்த்திராதவர்; குரல் மட்டும் தெரியும். வாசல்படியிலேயே ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு அழுதார். அக்கா அழாதீங்க என்று சொல்லவில்லை. தொடவும் இல்லை. அவர் அடங்கும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அது பொய்னு எனக்குத் தெரியாது" என்றாள். "தெரியாமச் சொன்னாலும் சொன்னது என் வாய்தான். நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க அவரைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று சொல்ல முடியாத ஆட்டம்.

"அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்ங்க" என்றார். "கண்ணை மூடி மூடித் திறந்து, வண்டி வருதாண்ணேன்னு. கிளம்பிடுச்சுடா, இப்ப வந்துடும்னு சொன்னேன். முதல்ல தெரியாமத்தான் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் போனதுக்கு அப்புறம் எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. அப்பவும் சொன்னேன். அவன் சரிண்ணேன்னான்."

அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் யாரோ ஒரு கடையின் ஷட்டரை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. சர்வர் இன்னும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். தன்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்பதை அவன் கவனித்தான். கூப்பிட்டிருந்தாலும் போய் உட்கார அங்கே தனக்கு ஒரு இடம் இருந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.